கூட்டு ஆய்வகத்தில் கெட்ட சேதி வந்தால் முதலில் யாருக்குச் சொல்வது?

ஏழாம்_நோடு (கேள்வி)

வணக்கம். நொய்யல் கரையோர ஊர் ஒன்றில் பொறியியல் கல்லூரியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் துறை உதவிப் பேராசிரியை நான். பதினான்கு மாதமாக எங்கள் கல்லூரியில் நடக்கும் கூட்டு ஆய்வகத்தின் ஒருங்கிணைப்பாளர் என்ற பட்டமும் சேர்ந்திருக்கிறது. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. போன் மட்டும் ராத்திரியிலும் அடிக்கும்.

மொத்தம் ஐந்து தரப்பு. அறை, மின்சாரம், மாணவர்கள் எல்லாம் கல்லூரியுடையது. கருவி வாங்க ஒரு பகுதிப் பணத்தைச் சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம் ஒன்று கொடுத்தது. மீதி மத்திய அரசு மானியம். மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் ஓர் அதிகாரி வழிநடத்தும் குழுவுக்குத் தலைவர். ஆற்றுக்காக வேலை பார்க்கும் தொண்டு அமைப்பு மாதிரி எடுக்க ஆள் அனுப்புகிறது. கோவையில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி சென்சாருக்கான சர்க்யூட் போர்டு செய்து தருகிறது.

வேலை என்னவென்றால், ஓடைகளில் மலிவான சென்சார் வைத்து, தண்ணீரின் மின்கடத்துதிறன், பிஎச், வெப்பநிலை மூன்றையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளப்பது. துணிக்குச் சாயம் ஏற்ற உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். அதனால் சாயக்கழிவு கலந்தால் கடத்துதிறன் எகிறும். இதில் பட்டறைக்காரர்களுக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ஒழுங்காகச் சுத்திகரித்தவரும் சேர்ந்துதான் பூட்டுப் போட்டார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. “எவனோ ஒருத்தன் ராத்திரியில் திறந்துவிடுவதற்கு நாங்கள் ஏன் மூட வேண்டும்?” என்றுதான் சங்கத் தலைவர் முதல் கூட்டத்தில் கேட்டார். அன்றைக்கு எல்லோரும் கைதட்டினோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது நோடு, அதாவது ஏழாவது சென்சார் பெட்டி, ஒரு சிறுபாலத்துக்கு அடியில், பல பட்டறைகள் இருக்கும் பகுதியின் வடிகால் ஓடையில் சேரும் இடத்தில் இருக்கிறது. போன மாதம் தொடர்ந்து மூன்று ராத்திரி, இரண்டு மணியை ஒட்டி, வழக்கமாக 3 மில்லிசீமென்ஸ் பக்கம் நிற்கும் கடத்துதிறன் 11க்குப் போய், நாற்பது நிமிடத்தில் இறங்கியது. மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் அந்த வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “மேம் இதப் பாருங்க” என்று ஆய்வக வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். குழுவில் 23 பேர். எனக்கு மட்டும் அனுப்ப நினைத்தானாம்.

இரண்டு மணி நேரத்தில் நான்கு போன். சங்கத்திலிருந்து: “உங்க சென்சார்ல கோளாறு. எங்க பேர் வெளியே வந்தா அடுத்த தவணை கிடையாது.” தொண்டு அமைப்பிலிருந்து: “நாளைக்கே பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறோம், மூடி மறைக்கவா சேர்ந்தோம்?” எங்கள் கல்லூரியிலிருந்து: “முதலில் ஆய்வுக் கட்டுரை, அதுவரை யாரிடமும் பேசாதே.” அதிகாரியின் பதில்தான் இன்னும் காதில் இருக்கிறது: “எழுத்தில எதுவும் அனுப்பிடாதீங்கம்மா. வாயால சொல்லுங்க, போதும்.”

மறுநாள் பையன்களோடு போய் நோடைக் கழற்றினேன். எலக்ட்ரோடில் வெள்ளையாக உப்பு படிந்து, அதன் மேல் பாசி. துடைக்காமல் அப்படியே, கடத்துதிறன் 12.88 என்று முன்பே தெரிந்த திட்டக் கரைசலில் முக்கிப் பார்த்தோம், 12.1 காட்டியது. அதாவது அந்தப் படிவு அளவைக் குறைத்துத்தான் காட்டியிருக்கிறது, கூட்டிக் காட்டவில்லை. ஏற்றம் நிஜம். ஆனால் அந்த வடிகாலில் எந்தப் பட்டறை என்று எங்கள் சென்சார் சொல்லாது, சொல்லவும் முடியாது. லாரியில் கொண்டுவந்து கொட்டியதாகக்கூட இருக்கலாம்.

எங்கள் ஒப்பந்தம் முத்திரைத்தாளில் நான்கு பக்கம். அதில் முதல் ஒன்றரைப் பக்கம் முன்னுரை. “அனைத்து முடிவுகளும் ஒருமனதாக எடுக்கப்படும்” என்று ஒரு வரி, “தரவு ஆய்வகத்தின் சொத்து” என்று ஒரு வரி. ஆய்வகம் என்று சட்டப்படி ஒன்றும் இல்லை. பதிவு இல்லை, பான் கார்டு இல்லை. சொத்து எப்படி இருக்கும்? குழுத் தலைவர் இதற்குள் இரண்டு முறை மாறுதலாகிப் போய்விட்டார். மூன்றாமவர் வந்த கூட்டம் பதினொன்றுக்கு என்று போட்டு பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கி, போண்டா ஆறுவதற்குள் முடிந்தது. இந்த விஷயம் “அடுத்த கூட்டத்தில் விவாதிக்கலாம்” என்று குறிப்பேட்டில் ஏறியது.

அரசு, தொழில், கல்லூரி, மக்கள் என்று கலந்த இடத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தரவை யார் வைத்துக்கொள்வது? கெட்ட சேதி வந்தால் யாருக்கு முதலில், எத்தனை நாளில்? “ஒருமனதாக” என்ற வரியை என்ன செய்வது? கலைத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வீட்டில் தினமும் கேட்கிறேன்.

ஒருவரி_பதில்

முதலில் அந்த வாட்ஸப் குழுவைக் கலைத்துவிடுங்கள் மேடம். பாதி பிரச்சினை அதோடு போய்விடும்.

பழைய_ஃபேப்

ஒருவரியார் சொன்னதில் கிண்டல் இருந்தாலும் விஷயமும் இருக்கிறது. நான் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், ரிட்டயர்டு ஆசாமி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

90களின் தொடக்கத்தில் டெக்சஸ் ஆஸ்டினில் வேலை. சிப் ஆலைகளுக்குக் கருவி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் சர்வீஸ் எஞ்சினீயர். அதே ஊரில்தான் செமடெக் இருந்தது. 80களின் நடுவில் ஜப்பான் சிப் சந்தையில் முந்திக்கொண்டதும், அமெரிக்காவின் 14 கம்பெனிகள் 1987இல் சேர்ந்து தொடங்கிய கூட்டு ஆய்வகம். ஐபிஎம், இன்டெல், ஏடி&டி எல்லாம் அதில். ஒருவரை ஒருவர் கழுத்தறுக்கும் போட்டிக்காரர்கள். பென்டகனின் ஆராய்ச்சி அமைப்பான தார்பா வழியாக அரசு வருடத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் கொடுத்தது, கம்பெனிகள் அதே அளவு போட்டன. இன்டெலைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸே 1988இல் வந்து தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1990இல் இறக்கும்வரை அதில்தான் இருந்தார்.

அங்கே முதல் சிக்கல் என்ன தெரியுமா? சேர்ந்து சிப் செய்யலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் எந்தக் கம்பெனியாவது தன் கைப்பக்குவத்தைப் போட்டிக்காரன் முன்னால் திறந்து வைக்குமா? வைக்காது. ஒவ்வொருவனும் நல்லதை வீட்டில் பூட்டிவிட்டு மிச்சத்தை எடுத்து வந்தால் ஆய்வகம் எப்படி நடக்கும்? அப்புறம்தான் வேலையையே மாற்றினார்கள். சிப் செய்யும் ரகசியத்தை விட்டுவிட்டு, சிப் செய்யும் கருவிகளை மேம்படுத்துவது என்று திரும்பினார்கள். கருவி எல்லோருக்கும் தேவை. கருவி சரியில்லை என்றால் எல்லோருக்கும் நஷ்டம். அதில் யாருக்கும் யாரிடமும் மறைக்க அவ்வளவாக ஒன்றுமில்லை. அந்தத் திருப்பத்தால்தான் என்னைப் போன்ற கருவிக்காரர்களுக்கு அந்த ஊரில் வேலை இருந்தது.

எல்லாம் இனிப்பாக முடியவில்லை. அந்தத் திருப்பம் பிடிக்காமல் மைக்ரானும் எல்எஸ்ஐ லாஜிக்கும் 1992இல் விலகின. சிப்பில் சர்க்யூட்டைப் பதிக்கும் லித்தோகிராஃபி கருவி செய்த ஜிசிஏ என்ற கம்பெனியைத் தூக்கி நிறுத்தப் பணத்தைக் கொட்டினார்கள். 1993இல் அது மூடியே போயிற்று. ஆனாலும் ஆய்வகம் நின்றது. 1996க்குப் பிறகு அரசுப் பணம் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நின்றது.

இதில் உங்களுக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? உங்கள் ஐந்து பேரும் மறைக்க விரும்புவது எது, எல்லோருக்கும் வேண்டியது எது என்று முதலில் பிரியுங்கள். “எந்தப் பட்டறை” என்பது சங்கம் மறைக்க விரும்புவது. “ஓடையில் என்ன வருகிறது” என்பது எல்லோருக்கும் வேண்டியது. உங்கள் சென்சாரே முதல் கேள்விக்குப் பதில் சொல்லாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! அப்படியென்றால் அதை ஒரு குறையாகச் சொல்லாதீர்கள், ஆய்வகத்தின் எல்லையாக எழுதி வையுங்கள். எங்கள் வேலை ஓடையோடு முடிந்தது, பட்டறைக் கேட்டுக்குள் போகமாட்டோம் என்று. பட்டறையின் வாசலுக்குள் பார்ப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை.

இன்னொன்று. செமடெக்கில் வேலை பார்த்தவர்களில் கணிசமானவர்கள் உறுப்புக் கம்பெனிகள் அனுப்பிவைத்த ஆட்கள். சில காலம் இருந்து கற்றுக்கொண்டு தாய்க் கம்பெனிக்குத் திரும்புவார்கள். தரமணியில் ஐஐடி ஆய்வுப் பூங்காவிலும் இதே தத்துவம்தான்: அங்கே இடம் எடுக்கும் கம்பெனி, ஐஐடியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வது, மாணவருக்கு வேலை தருவது போன்றவற்றுக்குப் புள்ளி சேர்த்தாக வேண்டும். சும்மா வாடகை கட்டிவிட்டு உட்கார முடியாது. உங்கள் சங்கம் பணம் மட்டும் கொடுத்ததா, ஆள் கொடுத்ததா? சங்கத்து ஆள் ஒருவன் அன்று அந்த எலக்ட்ரோடை உங்கள் பையன்களோடு கரைசலில் முக்கியிருந்தால், “சென்சார் கோளாறு” என்ற போனே வந்திருக்காது.

தணிக்கைத்_தாத்தா

அம்மா, நான் முப்பத்தொரு வருடம் அரசுக் கணக்கில் குப்பை கொட்டியவன். மேலே நண்பர் அமெரிக்கக் கதை சொல்லிவிட்டார், நான் உள்ளூர்க் கதை சொல்கிறேன்.

அந்த அதிகாரி “வாயால் சொல்லுங்கள்” என்றதற்கு அவரைத் திட்டாதீர்கள். அவருக்குத் தொழில் தெரியும். உங்கள் தாள் அவர் கோப்பில் ஏறிய நிமிடம் அது தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். நீங்கள் ஐந்து பேரும் ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அந்தச் சட்டம் அதற்கு மேலே நிற்கும், 22ஆம் பிரிவு. சங்கம் “இது எங்கள் வணிக ரகசியம்” என்று சொல்ல இடம் உண்டு, 8(1)(டி). அதற்கும் பொதுநலன் பெரிது என்று அதிகாரிக்குத் தோன்றினால் கொடுக்கலாம். ஆனால் ரகசியம் என்று சொல்லிக் கொடுத்த தகவலை வெளியிடுவதற்கு முன் 11ஆம் பிரிவின்படி சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்து, பத்து நாள் ஆட்சேபம் சொல்ல அவகாசம் தரவேண்டும். இந்தப் பத்து நாள் என்ற கணக்கை நினைவில் வையுங்கள். உங்கள் சொந்த விதிக்கும் நல்ல அளவுகோல். சட்டமே ஒத்துக்கொண்ட அவகாசம் என்றால் சங்கமும் குறை சொல்லாது, தொண்டு அமைப்பும் மறைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

சங்கத்தாரின் பயத்துக்கு ஒரு மருந்து. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974, 21ஆம் பிரிவு. வழக்கில் சாட்சியாக நிற்க வேண்டுமென்றால் மாதிரியை வாரியத்து ஆள் எடுக்கவேண்டும். அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, கேட்டால் இரண்டாகப் பிரித்து, குப்பியில் அடைத்து முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போடவேண்டும். உங்கள் பையன் பாலத்தடியில் எடுத்த அளவு அந்த முறையில் வந்ததல்ல. அதை வைத்து அந்தச் சட்டத்தில் யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. இதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லிப் பாருங்கள், குரல் இறங்கும்.

மூன்றாவது நீங்கள் கேட்காதது. மத்திய மானியம் வந்திருக்கிறது என்கிறீர்கள். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் போனதா? யார் கையெழுத்து? ஆய்வகத்துக்குச் சட்டப்படி உடம்பே இல்லை என்றால் பணம் கல்லூரிக் கணக்கில்தான் வந்திருக்கும், பதில் சொல்வது உங்கள் முதல்வர். வங்கியில் கிடந்த காலத்துக்கு வட்டி ஏறியிருக்கும். அந்த வட்டி உங்களுடையது இல்லை, அரசுக்குத் திருப்பவேண்டும். கூட்டு முயற்சிகள் தரவுச் சண்டையில் உடைவதைவிடத் தணிக்கைக் குறிப்பில் உடைவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சங்கத்துப் பணத்தையும் மானியப் பணத்தையும் ஒரே கணக்கில் போட்டிருந்தால் இன்றைக்கே பிரியுங்கள்.

கடைமடை

எல்லோரும் படிச்சவங்க, நல்லா எழுதறீங்க. நான் ஒரத்துப்பாளையம் பக்கமுங்க. 1992இல் நொய்யல்ல இங்க அணை கட்டினாங்க. தண்ணி வந்து வயல் செழிக்கும்னாங்க. வந்ததென்னவோ சாயத் தண்ணி. அணையைத் திறக்காதீங்கன்னு விவசாயியே கெஞ்சின ஊர் இது. கோர்ட்டுக்குப் போய் 2006இல் தீர்ப்பு வாங்கினதும் ஆயக்கட்டுக்காரங்கதான்.

மேடம் ஐந்து தரப்புன்னு எண்ணினாங்க. ஒண்ணுக்கு ரெண்டு தடவை படிச்சேன். அதில் தண்ணி போய்ச் சேர்ற ஆள் யாரு? தொண்டு அமைப்பு எங்களுக்காகப் பேசும்னு சொல்லாதீங்க. அவங்க நல்லவங்கதான், ஆனா அவங்க கிணத்தில உப்புக் கரிக்கறதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு 11 காட்டுதுன்னா எனக்கு யாரும் பத்து நாள் கழிச்சுச் சொல்ல வேண்டாம். அன்னைக்கு மோட்டாரைப் போடாதேன்னு ஒரு குறுஞ்செய்தி வந்தா போதும். எவன் விட்டான்னு நான் கேக்கலை.

ஏழாம்_நோடு

கடைமடை அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அரை மணி நேரம் ஒன்றும் ஓடவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். நான்கு பக்கத்தில் “விவசாயி” என்ற சொல் ஒரே இடத்தில் இருக்கிறது, முன்னுரையில். “விவசாயப் பெருமக்களின் நலன் கருதி.”

பழைய ஃபேப் சார், சங்கம் ஆள் கொடுக்கவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. காசோலை வந்ததே பெரிது என்று இருந்துவிட்டோம். தாத்தா, 21ஆம் பிரிவு விஷயத்தைச் சங்கச் செயலாளரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “அதை எழுத்தில் தருவீர்களா?” என்று கேட்டார். சிரிப்பு வந்துவிட்டது. எழுத்து வேண்டாம் என்று ஒருவர், எழுத்தில்தான் வேண்டும் என்று ஒருவர்.

கோவைக் கம்பெனி இப்போது புதிதாக ஒன்று கிளப்பியிருக்கிறது. பாசி படியாமல் எலக்ட்ரோடைத் தானே துடைக்கும் ஒரு சின்ன அமைப்பை எங்கள் பையன்கள் செய்தார்கள். சைக்கிள் டயர் ரப்பரில் வெட்டிய பட்டை, ஒரு சர்வோ மோட்டார். நன்றாக வேலை செய்கிறது. கம்பெனி அதற்குக் காப்புரிமை கேட்கலாம் என்கிறது, கல்லூரியும் கம்பெனியும் பாதிப் பாதி. பாதிப் பாதி என்றால் நியாயம்தானே?

புதுமைப்படி

காப்புரிமை அலுவல்தான் என் பிழைப்பு, அதனால் இதற்கு மட்டும் பதில்.

பாதிப் பாதி என்பது கேட்க நியாயம், நடைமுறையில் கண்ணி. காப்புரிமைச் சட்டம் 1970, 50ஆம் பிரிவு: கூட்டாக வைத்திருப்பவர்கள் வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாவிட்டால், ஒவ்வொருவரும் தன் லாபத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், மற்றவருக்குக் கணக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மற்றவர் சம்மதமின்றி மூன்றாமவருக்கு உரிமம் கொடுக்க முடியாது. இப்போது யோசியுங்கள். கம்பெனியிடம் தொழிற்சாலை இருக்கிறது, நாளைக்கே ஆயிரம் செய்து விற்கும், உங்களுக்கு ஒரு பைசா தரவேண்டியதில்லை. கல்லூரியிடம் தொழிற்சாலை இல்லை. வேறொருவருக்கு உரிமம் கொடுத்துத்தான் சம்பாதிக்க முடியும், அதற்குக் கம்பெனி தலையாட்ட வேண்டும். காகிதத்தில் பாதி, கையில் பூஜ்யம்.

பெல்ஜியத்தில் லூவன் நகரில் 1984இல் தொடங்கிய ஐமெக் என்ற ஆய்வகம் இதை வகைபிரித்துத்தான் சமாளிக்கிறது. கூட்டுத் திட்டத்தில் வருவதில் எல்லாப் பங்காளிகளும் பயன்படுத்தக்கூடியது ஒரு வகை, ஐமெக்கும் ஒரு பங்காளியும் மட்டும் சேர்ந்து வைத்திருப்பது இன்னொன்று, அந்தப் பங்காளிக்கே சொந்தமானது மூன்றாவது. எது எந்த வகை என்பது வேலை தொடங்கும் முன்பே பேசப்படும். பிரிட்டனில் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் இடையே போட லாம்பர்ட் மாதிரி ஒப்பந்தங்கள் என்று 2005இலிருந்து இலவசமாகவே கிடைக்கின்றன. சட்டம் வேறு என்பதால் அப்படியே போடமுடியாது, ஆனால் என்னென்ன கேள்வி கேட்கவேண்டும் என்பதற்கு நல்ல பட்டியல்.

அவசரமான ஒன்று: யாரும் விண்ணப்பிப்பதற்கு முன் அந்தத் துடைப்பானைப் பற்றிக் கருத்தரங்கில் பேசவோ, யூடியூபில் போடவோ வேண்டாம். பையன்கள் ஏற்கெனவே இன்ஸ்டாவில் போட்டிருந்தால் எனக்குச் சொல்லாதீர்கள், நேரே ஒரு வழக்கறிஞரிடம் போங்கள்.

குளிர்_ஊர்

கோபன்ஹேகனில் வடிவமைப்பு படிக்கிறேன். இங்கே பாடத்தில் அடிக்கடி வரும் பெயர் மைண்ட்லேப். 2002இல் டென்மார்க் அரசுக்குள் தொடங்கிய புதுமை ஆய்வகம். பின்னர் மூன்று அமைச்சகங்கள் பங்குபோட்டு நடத்தின. உலகம் முழுக்க அதைப் பார்த்து ஆய்வகம் தொடங்கினார்கள். 2018இல் அரசே மூடிவிட்டு வேறு ஒரு குழுவை வைத்துக்கொண்டது. மெக்சிகோ நகரத்தில் 2013இல் மேயரின் ஆதரவோடு தொடங்கிய ஆய்வகமும், மினிபஸ் வழித்தடங்களை மக்களே போனில் விளையாட்டாக வரைந்து தந்த திட்டமெல்லாம் செய்தது, ஆட்சி மாறியதும் 2018இல் முடிந்தது.

இரண்டுமே வேலை செய்யாததால் மூடப்பட்டவை இல்லை. மேலே இருந்தவர்களின் எண்ணமோ நாற்காலியோ மாறியது, அவ்வளவுதான். மேடத்தின் ஆய்வகத்தில் பதினான்கு மாதத்தில் மூன்று தலைவர் என்றால், தலைவர் நாற்காலியை மாறுதலுக்கு உட்பட்டவரிடம் கொடுப்பதே சரியா என்று கேட்கத் தோன்றுகிறது. அதிகாரி உறுப்பினராக இருக்கட்டும். தலைவர் ஊரில் நிலையாக இருப்பவராக இருக்கட்டும்.

தணிக்கைத்_தாத்தா

தம்பி சொல்வது சரி. ஆனால் அதிகாரி தலைவர் இல்லையென்றால் கூட்டத்துக்கே வரமாட்டார். நடுநாற்காலி வேண்டும். கௌரவத் தலைவர், செயல் தலைவர் என்று இரண்டு நாற்காலி போடுங்கள். மாலை கௌரவத்துக்கு, கையெழுத்து செயலுக்கு. நம் ஊர்க் கோயில் கமிட்டியில் நூறு வருடமாக நடப்பதுதான்.

ஏழாம்_நோடு

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். செமஸ்டர் தேர்வு, அதற்கு நடுவில் இது.

கூட்டம் போட்டேன். இந்த முறை கல்லூரி அரங்கில் வேண்டாம் என்று பாலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டீக்கடை வாசலில் நாற்காலி போட்டோம். கடைமடை அண்ணன் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அழைத்தது யார் என்று சங்கத்தார் கேட்டார்கள், நான்தான் என்றேன். பத்து நிமிடம் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் அந்த இருவரில் பெரியவர், சங்கச் செயலாளரின் அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று தெரிந்தது. அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை.

ஒத்துக்கொண்டது இவ்வளவுதான். அளவு 6ஐத் தாண்டினால் கீழ்ப்பக்கத்து விவசாயிகளுக்குத் தானியங்கிக் குறுஞ்செய்தி போகும்: இடம், நேரம், அளவு. வேறு ஒரு சொல் இருக்காது. அதே நொடியில் ஐந்து தரப்புக்கும் அதே செய்தி, ஒருவருக்கு முன்னால் ஒருவருக்கு இல்லை. இரண்டு நாளுக்குள் சங்கத்து ஆள் ஒருவரும் தொண்டு அமைப்பு ஆள் ஒருவரும் எங்கள் மாணவரோடு போய் அந்த நோடைத் திட்டக் கரைசலில் சோதிக்கவேண்டும், மூவரும் கையெழுத்துப் போடவேண்டும். யாராவது வரவில்லை என்றால் வந்தவர்கள் கையெழுத்தே போதும். பத்தாவது நாள் வாராந்திரத் தொகுப்பு வெளியே போகும், பத்திரிகையோ கட்டுரையோ அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும். பட்டறைப் பெயர் எந்த இடத்திலும் வராது, ஏனென்றால் எங்களுக்குத் தெரியாது.

“ஒருமனதாக” என்ற வரியை எடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதை எடுக்கவும் ஒருமனது வேண்டும் என்று செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். கடைசியில் புதிய வேலை தொடங்க, பணம் செலவழிக்க மட்டும் ஒருமனது என்று சுருக்கினோம். மேலே சொன்ன செய்தி போவதை யாரும் நிறுத்த முடியாது. தொண்டு அமைப்புக்குப் பத்து நாள் இன்னும் கசக்கிறது. அவர்கள் மூன்று என்றார்கள். ஆறு மாதம் பார்ப்போம் என்று விட்டிருக்கிறது. எனக்கும் பத்து அதிகம் என்றுதான் படுகிறது, ஆனால் மூன்று என்றிருந்தால் சங்கம் எழுந்து போயிருக்கும்.

துடைப்பானைப் பையன்கள் இன்ஸ்டாவில் போடவில்லை. கல்லூரி ஆண்டு மலரில் போட்டோ வந்துவிட்டது. மூடிய நிலையில் எடுத்த போட்டோ என்பதால் பரவாயில்லை என்று ஒரு வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். கம்பெனியோடு பேச்சு நடக்கிறது.

சங்கம் ஆள் அனுப்பியது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, பி.எஸ்ஸி. வேதியியல். முதல் நாள் கரைசல் பாட்டிலைப் பார்த்துவிட்டு, “இது காலாவதி ஆயிருச்சுங்க மேடம்” என்றார். நான்கு மாதம் முன்பே. எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. புதுப் பாட்டில் வாங்கி அதே படிவோடு எடுத்து வைத்திருந்த எலக்ட்ரோடை மறுபடி சோதித்தோம். 12.2 வந்தது.

தாத்தா, வட்டி விஷயம். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தோம். 11,460 ரூபாய். யாரும் தொடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே முதல்வருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திருப்பி அனுப்ப என்ன படிவம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.